உப்பிலேயே குடியிருக்கும் செல்கள்

சிறுநீரகத்தைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை வடிகட்டலோடு நின்றுவிடுகின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் இரத்தத்திலிருந்து வடிக்கப்படுகிறது, அதில் ஒன்றிரண்டு லிட்டர் போக மற்றதெல்லாம் மீண்டும் உறிஞ்சப்படுகிறது என்ற கணக்கு வியப்பானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் என்னை நீண்ட காலமாக ஈர்த்துவருவது அந்தக் கணக்குக்கு அடியில் இருக்கும் வேறொரு செய்தி. நீரைத் திரும்ப இழுத்துக்கொள்வதற்காக உடல் தனக்குள்ளேயே ஓர் உப்பு நிலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. அந்த நிலத்திலேயே தோன்றி, அங்கேயே நெடுங்காலம் வாழ்கின்ற செல்கள் சாகாமல் இருப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

எண்களிலிருந்து தொடங்குகிறேன். நம் இரத்தத்தின் கரைபொருள் செறிவு கிலோ ஒன்றுக்கு 285 முதல் 295 மில்லிஆஸ்மோல் என்ற குறுகிய வரம்புக்குள் காக்கப்படுகிறது. அந்த வரம்பிலிருந்து சற்றே விலகினாலும் தாகமும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனும் உடனே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. உடலின் மற்ற செல்களெல்லாம் இந்தச் சீரான குளத்தில்தான் மிதக்கின்றன. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியிலும் நிலைமை அதுவே. அங்கிருந்து உள்நோக்கி அகணிக்குள் இறங்க இறங்கச் செறிவு ஏறுகிறது. நீர் கிடைக்காத நேரத்தில் மனிதருடைய உள் அகணியின் நுனியில் அது 1,200 மில்லிஆஸ்மோல் வரை போகும். எலியில் 3,000-ஐ நெருங்கும். வேறு எந்த உறுப்பின் செல்லை எடுத்து அந்த இடத்தில் வைத்தாலும் அது சுருங்கி மடிந்துவிடும்.

இந்தச் செறிவு ஏற்றம் எப்படி உண்டாகிறது என்பதை வெர்னர் குன் என்ற இயற்பியல் வேதியியலாளர் 1942-லேயே எதிரோட்டப் பெருக்கம் என்ற கருத்தின் மூலம் விளக்கத் தொடங்கினார். 1951-ல் அவரும் விர்ட்ஸ், ஹார்கிட்டாய் ஆகியோரும் சேர்ந்து அதற்குச் சோதனைச் சான்று தந்தார்கள். சிறுநீரக நுண்குழாய் அகணிக்குள் இறங்கி மீண்டும் ஏறும் பகுதியான ஹென்லே வளைவின் இரு கைகளிலும் திரவம் எதிரெதிர்த் திசையில் ஓடுவதும், ஏறுகை உப்பை மட்டும் வெளியேற்றி நீரை உள்ளேயே தடுத்து வைப்பதும் அதன் அடிப்படை. பாடநூல்கள் இதை நன்றாகவே விளக்குகின்றன என்பதால் இங்கே விரிக்கவில்லை. அங்கே சேர்வது சோடியம் குளோரைடு, யூரியா என்ற இரண்டு பொருள்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், ஏனெனில் செல்லுக்கு இவை இரண்டும் இருவேறு விதமான ஆபத்துகள்.

உப்பு செல் சவ்வைத் தானாகக் கடப்பதில்லை. ஆகவே வெளியே உப்பு கூடும்போது உள்ளிருக்கும் நீர் வெளியேறிச் செல் சுருங்குகிறது. யூரியாவோ சவ்வைக் கடந்து உள்ளே வந்து இருபுறமும் சமமாகிவிடும் என்பதால் செல்லின் பருமனில் நிலையான மாற்றம் எதையும் அது உண்டாக்குவதில்லை. மாறாக, உள்ளே வந்தபின் புரதங்களின் மடிப்பைத் தளர்த்துகிறது. 'சவ்வூடுபரவல் நெருக்கடி' என்று ஒரே பெயரால் அழைக்கப்படுவதில் உண்மையில் இரண்டு நெருக்கடிகள் கலந்திருக்கின்றன. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் சமிக்ஞைப் பாதைகளை மட்டும் அடுக்கும் எழுத்துகள் படிப்பவரைக் குழப்புகின்றன என்பது என் கருத்து.

சமிக்ஞைப் பாதைகளை வரைபடமாக வரைவதில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு அம்புக்குறி போடும்போது எல்லாமே ஒரே கணத்தில் நடப்பதுபோன்ற தோற்றம் எழுகிறது. சிறுநீரகச் செல்லின் பதில் அப்படிப்பட்டதே அன்று. நொடிகளில் ஒரு செயல், நிமிடங்களில் இன்னொன்று, மணிக்கணக்கில் வேறொன்று, நாட்கணக்கில் மற்றொன்று என்று அது காலத்தில் அடுக்கப்பட்டிருக்கிறது. முந்தைய அடுக்கு தற்காலிகமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க, பிந்தைய அடுக்கு வந்து அதனிடமிருந்து பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே நானும் கால வரிசையிலேயே செல்கிறேன்.

முதல் நொடிகளில் செல் சுருங்கியது என்ற செய்தியை முதலில் அறிவது எது? சவ்வில் எங்கோ ஓர் உணரி இருக்க வேண்டும் என்று நெடுங்காலமாகத் தேடிவந்தார்கள். ஈஸ்டில் அத்தகைய சவ்வுப் புரதங்கள் இருப்பது தெரிந்திருந்ததால் அந்தத் தேடலில் தவறில்லை. ஆனால் 2022-ல் வெளியான ஓர் ஆய்வு எதிர்பாராத திசையிலிருந்து விடை தந்தது. மற்ற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றி அவற்றின் செயலை மாற்றும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். அவற்றில் வின்க் என்று உச்சரிக்கப்படும் ஒரு குடும்பம் உண்டு. அதன் இரு உறுப்பினர்களில் ஏற்படும் மரபுப் பிழைகள் உயர் இரத்த அழுத்தத்தையும் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுதியையும் தரும் ஒரு குடும்ப நோய்க்குக் காரணம் என்பது 2001-லேயே தெரிந்ததுதான். செல் சுருங்கும்போது உள்ளிருக்கும் புரதங்களெல்லாம் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அந்த நெரிசலே வின்க்1 புரதங்களைச் சிறு துளிகளாகத் திரளச் செய்கிறது. திரண்ட இடத்தில் அவை தம் கீழுள்ள ஸ்பாக், ஓஎஸ்ஆர்1 என்ற கைனேஸ்களைத் தூண்ட, அவை சோடியம்-பொட்டாசியம்-குளோரைடு கடத்தியை முடுக்குகின்றன. அயனிகள் உள்ளே வர, நீரும் பின்தொடர்ந்து வருகிறது. செல்லின் பருமன் மீள்கிறது. செல்லுக்குள் தனியான உணரி ஒன்று பொருத்தப்படவில்லை, செல்லின் நெரிசலே உணர்வாகிறது என்ற இந்த விளக்கம், நான் அண்மை ஆண்டுகளில் படித்த உயிரியல் செய்திகளில் மிகவும் நேர்த்தியானதென்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் இந்த மீட்சிக்கு ஒரு விலை இருக்கிறது. பருமன் திரும்பிவிட்டாலும் செல்லுக்குள் அயனிச் செறிவு உயர்ந்தே நிற்கிறது. நொதிகள் வேலை செய்யத் தேவையான அயனிச் சூழல் குலைகிறது, புரதங்கள் ஒன்றோடொன்று பிணையும் விதம் மாறுகிறது. சில மணி நேரம் இதைத் தாங்கலாம், நாட்கணக்கில் தாங்க முடியாது.

நிமிடங்கள் கடக்கும்போது நெருக்கடிக் காலத்துக்கான கைனேஸ்கள் விழிக்கின்றன. இந்த வரலாற்றில் ஈஸ்டுக்கு முக்கிய இடமுண்டு. உப்புக் கரைசலில் வைக்கப்பட்ட ஈஸ்ட் செல் ஹாக்1 என்ற கைனேஸைத் தூண்டிக் கிளிசராலைச் சேர்த்துக்கொள்கிறது என்பது 1993-ல் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே பாலூட்டிகளில் இரண்டு உறவினர்கள் அகப்பட்டன. பி38 என்ற கைனேஸ் பாக்டீரிய நச்சுக்கும் சரி, சவ்வூடுபரவல் மாற்றத்துக்கும் சரி, ஒன்றுபோலவே பாஸ்பேட் ஏற்றப்பட்டுத் தூண்டப்பட்டது. ஜேஎன்கே என்ற இன்னொன்றை, உப்பில் வளர முடியாத ஈஸ்டுக்குள் செலுத்தியபோது அந்த ஈஸ்ட் மீண்டும் வளர்ந்தது. ஒற்றைச் செல் பூஞ்சையிலிருந்து பாலூட்டி வரை ஒரே பழைய ஏற்பாடு கைமாறி வந்திருக்கிறது என்று அப்போது எழுந்த உற்சாகம் இயல்பானதே. அந்த உற்சாகம் ஒரு திசைதிருப்பலையும் உண்டாக்கியது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பி38-ஐத் தடுத்தால் சிறுநீரகச் செல்லின் பாதுகாப்பு முழுவதும் சரிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அப்படியே நிறைவேறவில்லை. பி38-இலேயே பல வகைகள் உண்டு. ஆல்ஃபா வகை பாதுகாப்பு மரபணுக்களின் செயலைக் கூட்ட, டெல்டா வகை அதைக் குறைக்கிறது. எல்லா வகைகளையும் ஒரு பெயரில் சேர்த்துப் பேசும் வரை முடிவுகள் முரண்பட்டுக்கொண்டே இருந்தன.

இந்த நிமிடங்களில் செல் எடுக்கும் இன்னொரு முடிவு, பிரிதலை நிறுத்துவது. பி53, காட்45 போன்ற புரதங்கள் செயல்பட்டுச் செல் சுழற்சியை இடைநிறுத்துகின்றன. உப்பின் செறிவு மிகத் திடீரென்று மிக உயரத்துக்கு ஏற்றப்பட்டால் இந்த நிறுத்தமும் போதாமல் செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. அதே உயரத்துக்குப் படிப்படியாக ஏற்றினால் பிழைத்துக்கொள்கின்றன. வளர்ப்புக் கிண்ணத்தில் ஒரே அடியில் உப்பைக் கொட்டிப் பெற்ற முடிவுகளை உடலுக்குள் நடப்பதாக எண்ணிவிடக் கூடாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். உடலில் அகணியின் செறிவு மணிக்கணக்கில் மெல்ல ஏறுவது, ஒரு நொடியில் குதிப்பதில்லை.

இப்போது மணிக்கணக்கு. இந்தக் கதையின் மையப் பாத்திரம் இங்கேதான் வருகிறது. அயனிகளுக்குப் பதிலாகச் செல் சேர்த்துக்கொள்ளும் சார்பிட்டால் என்ற கரைபொருளை உண்டாக்கும் நொதியின் மரபணுவிலும், பீட்டெய்ன் என்ற இன்னொன்றைச் செல்லுக்குள் கொண்டுவரும் கடத்தியின் மரபணுவிலும், உப்பு கூடும்போது மட்டும் செயல்படும் ஒரு சிறு டிஎன்ஏ வரிசை இருப்பது 1994 வாக்கில் தெரிந்தது. அந்த வரிசையில் வந்து அமரும் புரதம் எது என்று தேடியவர்கள் 1999-ல் அதைப் பிரித்தெடுத்து டோன்-இபிபி என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டில், நோய் எதிர்ப்புச் செல்களில் மரபணுக்களைச் செயல்படவைக்கும் புரதங்களான படியெடுப்புக் காரணிகளுக்கு உறவினர் உண்டா என்று தேடிய இன்னொரு குழுவினர் அதே புரதத்தைக் கண்டெடுத்து என்ஃபாட்5 என்றார்கள். ஒரு குழு சிறுநீரகத்திலிருந்து வந்தது, மற்றொன்று நோய் எதிர்ப்பியலிலிருந்து வந்தது. இரு குழுக்களின் கையிலும் இருந்தது ஒரே புரதம்.

டோன்-இபிபி இரட்டையாகச் சேர்ந்து டிஎன்ஏவை வளையம்போல் முழுவதும் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது என்பதை 2002-ல் வெளியான படிகக் கட்டமைப்பு காட்டியது. இயல்பான செறிவில் அது செல்திரவத்திலும் உட்கருவிலுமாகப் பரவியிருக்கும், உப்பு கூடினால் உட்கருவுக்குள் நகரும், குறைந்தால் வெளியேறும். அதோடு நில்லாமல் அதன் அளவும் பெருகுகிறது, மரபணுவைத் தூண்டும் அதன் ஆற்றலும் கூடுகிறது. இந்த மூன்றையும் கட்டுப்படுத்தும் கைனேஸ்களின் பட்டியல் நீளமானது. பி38 அதில் உண்டு, ஃபின் உண்டு, பிகேஏ உண்டு, டிஎன்ஏ உடைவை உணரும் ஏடிஎம் உண்டு. எந்த ஒன்றையும் தனியாகத் தடுத்தால் டோன்-இபிபியின் செயல் குறைகிறதே தவிர அடியோடு நின்றுவிடுவதில்லை. சிலர் இதை ஆய்வின் குறையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிர் பிழைப்பு முழுவதும் ஒரே கம்பியில் தொங்கும்படி அமைந்திருந்தால், அகணியைப் போன்ற இடத்தில் அந்தச் செல் நீண்ட நாள் தாங்கியிருக்காது.

டோன்-இபிபி எழுப்பும் மரபணுக்களின் பணி நாட்கணக்கில் பயன் தருகிறது. ஆல்டோஸ் ரிடக்டேஸ் நொதி குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்றுகிறது. தனித்தனிக் கடத்திகள் மயோ-இனோசிட்டால், பீட்டெய்ன், டாரின் ஆகியவற்றை வெளியிலிருந்து இழுத்துச் சேர்க்கின்றன. கிளிசரோபாஸ்போகோலின் செல்லுக்குள்ளேயே உருவாகிச் சேர்கிறது. இவற்றில் டாரின் நீங்கலான நான்கும் அகணியில் குவிந்திருப்பதைச் சிறுநீரக ஆய்வாளர் மாரிஸ் பர்க்கின் குழுவினர் 1980-களின் நடுப்பகுதியில் எலி, முயல் சிறுநீரகங்களில் அளந்து காட்டினார்கள். இவற்றின் சிறப்பு என்னவென்றால், எவ்வளவு சேர்ந்தாலும் புரதங்களின் வேலையைக் கெடுப்பதில்லை. ஆகவே முதல் நொடிகளில் அவசரத்துக்கு உள்ளே அழைக்கப்பட்ட அயனிகள் மெல்ல வெளியேற, அவற்றின் இடத்தை இந்தச் சாதுவான மூலக்கூறுகள் நிரப்புகின்றன. பாக்டீரியா, தாவரம், கடல் விலங்கு என்று உயிரினங்கள் நெடுகிலும் இதே சில வகை மூலக்கூறுகளே மீண்டும் மீண்டும் தெரிவு செய்யப்பட்டிருப்பதை யான்சியும் சொமெரோவும் பிறரும் 1982-ல் சுட்டிக்காட்டினார்கள்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற பெயரை நீரிழிவு பற்றிப் படித்தவர்கள் வில்லனாகவே அறிந்திருப்பார்கள். கண்ணின் லென்சில் சார்பிட்டால் சேர்ந்து புரை உண்டாவதோடு அது தொடர்புபடுத்தப்பட்டது 1959-ல். ஒரு நொதியை நல்லது கெட்டது என்று வகைப்படுத்துவதற்கு முன் அது எந்தச் செல்லில் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. லென்சில் சார்பிட்டாலுக்குத் தேவையே இல்லை, வெளியேற வழியும் குறைவு. அகணியிலோ அது இல்லாமல் வாழ முடியாது.

யூரியாவுக்கு வருவோம். சுறாக்கள் தம் உடலில் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொண்டு, அதன் கேட்டை ஈடுசெய்ய மெத்தில் அமீன்களை ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்த்து வைத்திருக்கின்றன. அகணிச் செல்லில் கிளிசரோபாஸ்போகோலினுக்கும் பீட்டெய்னுக்கும் இதே வேலை உண்டு. கிளிசரோபாஸ்போகோலினைச் சிதைக்கும் நொதியை உப்பும் அடக்குகிறது, யூரியாவும் அடக்குகிறது என்பதால், இரண்டில் எது கூடினாலும் அது தானாகச் சேர்கிறது. இதோடு எச்எஸ்பி70 என்ற துணைப்புரதமும் டோன்-இபிபியின் கட்டளையில் பெருகி, தளர்ந்த புரதங்களை மீண்டும் மடிக்க உதவுகிறது. வெப்பத்துக்குப் பதிலளிப்பதாகவே அறிமுகமான புரதம் இங்கே வெப்பமே இல்லாமல் உப்பின் பெயரால் எழுப்பப்படுகிறது. உப்பில் சில காலம் பழகிய செல்கள், பழகாத செல்களைக் கொல்லக்கூடிய யூரியாவையும் தாங்குகின்றன. அகணியில் இரண்டும் சேர்ந்தே ஏறுவது தற்செயலான பொருத்தமாக எனக்குப் படவில்லை.

இதுவரை சொன்னதில் டோன்-இபிபி ஒரு காவலராகத் தெரியும். ஆனால் அதன் கட்டளைப் பட்டியலில் இன்னும் இரண்டு மரபணுக்கள் உண்டு. ஒன்று யூரியாக் கடத்திகளுடையது. மற்றொன்று சேகரிப்புக் குழாயில் நீரை விடும் அக்வாபோரின்-2 என்ற புரதத்துடையது. யூரியாக் கடத்திதான் யூரியாவை அகணியில் கொண்டுவந்து குவிக்கிறது. அதாவது நெருக்கடியிலிருந்து செல்லைக் காக்கும் அதே புரதம், அந்த நெருக்கடியைக் கட்டி எழுப்புவதிலும் கைகொடுக்கிறது. சேகரிப்புக் குழாய்களில் இந்தப் புரதத்தின் செயலை முடக்கிய எலிகளில் யூரியாக் கடத்திகளும் அக்வாபோரினும் குறைந்தன. அவற்றால் சிறுநீரைச் செறிவாக்க முடியவில்லை. புரதமே இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகளில் பெரும்பாலானவை பிறப்பதற்கு முன்போ பிறந்த சில நாட்களிலோ மடிந்தன, தப்பியவற்றின் அகணி நலிந்து போயிருந்தது. பாதுகாப்பு ஏற்பாடு தயாராகும் அளவுக்கே செறிவும் உயரட்டும் என்று இரண்டையும் ஒரே கையில் கொடுத்திருக்கும் இந்த அமைப்பைப் படித்தபிறகு, 'நெருக்கடிக்கு எதிர்வினை' என்ற சட்டகமே இந்தச் செல்களுக்குப் பொருந்தவில்லை என்ற முடிவுக்கு வந்தேன். வெளியிலிருந்து வந்து தாக்கும் துன்பத்தை அவை எதிர்கொள்ளவில்லை. தம் தொழிலுக்கான சூழலைத் தாமே உண்டாக்கி, அதற்கேற்ப உள்ளேயும் மாறிக்கொள்கின்றன.

திரும்பும் பயணமும் கவனிக்கத்தக்கது. ஒருவர் நிறைய நீர் அருந்தினால் அகணியின் செறிவு இறங்குகிறது. நாட்கணக்கில் சேர்த்த கரைபொருள்களை அப்படியே வைத்திருந்தால் செல்லுக்குள் நீர் பாய்ந்து அது வீங்கிவிடும். ஆகவே சார்பிட்டாலும் மற்றவையும் சில நிமிடங்களிலேயே வெளியேறத் தொடங்குகின்றன. வீக்கத்தால் திறக்கும் அயனி வாயில்களுக்கு எல்ஆர்ஆர்சி8 குடும்பப் புரதங்களே அடிப்படை என்பது 2014-ல் இரு குழுக்களால் நிறுவப்பட்டது. டாரின் போன்றவை அவற்றின் வழியாகவும் வெளியேறுகின்றன. சேர்ப்பதற்கு நாட்கள், விடுவதற்கு நிமிடங்கள் என்ற இந்த ஏற்றத்தாழ்வு மூளைச் செல்களில் உயிர்ப் பிரச்சினையாகிறது. நெடுநாள் சோடியம் குறைந்திருந்த நோயாளியின் மூளைச் செல்கள் தம் கரைபொருள்களை ஏற்கெனவே விட்டிருக்கும். அப்போது சோடியத்தை அவசரமாக ஏற்றினால் அவற்றால் அதே வேகத்தில் மீண்டும் சேர்க்க முடியாமல் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைகிறது. ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று மருத்துவர்கள் வரம்பு வைத்திருப்பதன் பின்னணி இதுதான்.

அகணியின் இடைத்திசுச் செல்களில் உப்பு காக்ஸ்-2 நொதியையும் எழுப்புகிறது. அதைத் தடுத்தால் உப்பில் அந்தச் செல்கள் மடிகின்றன. இதே நொதியைத் தடுக்கும் வலி நிவாரணிகளை நெடுங்காலம் உட்கொள்வோரிடம், குறிப்பாக உடலில் நீர் வற்றியிருக்கும்போது, அகணியின் நுனி அழுகும் கேடு காணப்படுவதற்கு இரத்த ஓட்டக் குறைவோடு இதுவும் ஒரு காரணமாக எண்ணப்படுகிறது.

கடைசியாக, எனக்கு இன்றும் முழுவதும் செரிக்காத ஒரு கண்டுபிடிப்பு. அதிக உப்பு டிஎன்ஏவின் இரு இழைகளையும் உடைக்கிறது என்பது 2001-ல் வெளியானபோது, பழகிய செல்கள் அதைச் சரிசெய்துகொள்ளும் என்றே எண்ணத் தோன்றியிருக்கும். 2004-ல் பர்க்கும் திமித்ரியேவாவும் காட்டியது வேறு. உப்புக்கு நன்கு பழகி, பிரியவும் தொடங்கிவிட்ட செல்களிலும் உடைவுகள் அப்படியே இருந்தன. வளர்ப்புக் கிண்ணத்தில் மட்டுமல்ல, உயிருள்ள எலியின் உள் அகணியிலும் இருந்தன. உப்பு இருக்கும் வரை பழுதுபார்க்கும் ஏற்பாடு அடங்கிக் கிடக்கிறது. சிறுநீர்ப் பெருக்கி மருந்து கொடுத்து அகணியின் உப்பைக் குறைத்ததும் வேலை தொடங்கி உடைவுகள் மூடப்படுகின்றன. 2011-ல் அதே குழுவினர் உடைவுகளின் இருப்பிடத்தைத் தேடியபோது, அவை பெரும்பாலும் மரபணுக்களே இல்லாத நீண்ட வெற்று வெளிகளில் விழுவதைக் கண்டார்கள். உடைந்த டிஎன்ஏவோடு வாழும் இத்தகைய செல்களில் புற்றுநோய் மிகுதியாக இருக்க வேண்டும் என்றே தர்க்கம் சொல்லும். ஆனால் சிறுநீரகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை புறணியில் உள்ள அண்மைக் குழல்களிலிருந்து தோன்றுகின்றன, சேகரிப்புக் குழாய்ப் புற்றுநோய் அரிதானது. அதற்கு விலக்காக ஒன்று உண்டு. அரிவாள் செல் மரபுக்கூறு உள்ள இளம் வயதினரிடம் அகணியில் தோன்றும் கடுமையான ஒரு புற்றுநோயில் ஸ்மார்க்-பி1 என்ற மரபணு இழக்கப்பட்டிருக்கிறது. அரிவாள் வடிவச் சிவப்பணுக்களால் ஆக்சிஜன் மேலும் குறைந்துபோன அகணியில், உப்பால் விழுந்த உடைவுகள் தவறாக ஒட்டப்படுவதே அந்த இழப்புக்குக் காரணம் என்று 2018-ல் ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது. உப்பு, ஆக்சிஜன் குறைவு, டிஎன்ஏ பழுது ஆகிய மூன்றையும் ஒரே செல்லில் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் இப்போது அந்தக் கருதுகோளிலிருந்துதான் கிளைக்கின்றன.